இருநூற்றுப் பதினோரு பேருக்குப் புரிந்தது

"இருநூத்திப் பன்னெண்டு பேர்ல இருநூத்திப் பதினோரு பேருக்குப் புரிஞ்சிருக்கு மேடம். இன்னும் ஏன் அறிக்கையில கையெழுத்துப் போடாம இழுக்கிறீங்க?" என்று கேட்டார் இருதயராஜ்.

கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர். ஓய்வுக்குப் பிறகு தூத்துக்குடி அருகே ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பழக வந்திருந்தார். பழக்குகிறவர் செல்லக்கனி, அவரைவிட இருபது வயது சின்னவர். இருதயராஜுக்கு அதில் கொஞ்சம் குத்தல்தான்.

கூடத்தின் நடுவே ஆளுயர உருண்டை ஒன்று சுற்றியது. கடல் எங்கே சூடு, எங்கே குளிர் என்று நிறத்தில் காட்டும். கடல் சூடேறினால் புயல் வலுக்கும். அதனால் இதேபோல் பன்னிரண்டு உருண்டைகளைக் கடலோர ஊர்களில் வைக்க ஏற்பாடு. பார்க்கிறவர்களுக்குப் புரிகிறதா என்று அறிந்து சொல்வது இருதயராஜின் பொறுப்பு.

"நீங்க அவங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

"புரிஞ்சுதான்னு கேட்டேன்."

"அவங்க?"

"புரிஞ்சுதுன்னாங்க."

வாத்தியார் மாதிரி ஒருவர் பேனாவும் தாளுமாக நின்று கேட்டால், நம் ஊரில் யார்தான் இல்லை என்பார்கள்? செல்லக்கனி அதைச் சொல்லவில்லை.

"அந்த ஒருத்தர் யாரு?"

இருதயராஜ் தாளைத் தேடி எடுத்தார். "மீன் விக்கிற அம்மா. பேரு மரியபுஷ்பம். அஞ்சாவதுதான் படிச்சிருக்காங்க. விடுங்க மேடம்."

"அவங்க சொன்னதை வாசிங்க."

வாசித்தார்.

"எங்க கடல் இப்பக் கொதிக்குது. இங்க குளிருன்னு போட்டிருக்கு. எனக்குப் புரியல."

செல்லக்கனி எழுந்து கூடத்துக்குப் போனார். இருதயராஜும் பின்னாலேயே போனார்.

உருண்டையில் அவர்கள் ஊர்க் கடல் சிவந்து கிடந்தது. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று சொல்லும் பலகை பக்கத்தில் நின்றது. அதில் சிவப்புக்கு எதிரே 'குளிர்' என்றிருந்தது. நீலத்துக்கு எதிரே 'சூடு'.

அந்த எழுத்துகளை ஒட்டியவர் இருதயராஜேதான். இரண்டு வாரமாக அதன் அருகில்தான் நின்றார். சிவப்பென்றால் சூடு என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை யார் உட்கார்ந்து வாசிப்பார்கள்?

காது வரை சுட்டது. அந்த அம்மாளின் தாளில் 'புரியாதவர்' என்று தான் எழுதியதைப் பார்க்கவே கூசியது. யாருக்கும் தெரியாமல் அடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

"தாள்ல போன் நம்பர் இருக்கும்," என்றார் செல்லக்கனி.

இருந்தது. சந்தை இரைச்சலுக்கு நடுவே மரியபுஷ்பம் எடுத்தார். மியூசியத்திலிருந்து பேசுவதாக இருதயராஜ் சொன்னதுமே அவர் முந்திக்கொண்டார்.

"அன்னிக்கு ஏதோ உளறிட்டேன் சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. படிச்சவங்க எழுதுனது தப்பாவா இருக்கும்னு என்னையத்தான் திட்டிக்கிட்டேன். வெக்கமாப் போச்சு. பிள்ளைககிட்டகூடச் சொல்லல."

இருதயராஜ் செல்லக்கனியைப் பார்த்தார். அவர் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார் இருதயராஜ். "புரியாம இருந்தது நான்தாம்மா."