இருபதாவது ரூபன்

ஏலகிரி மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்தில், குருவுக்கும் சீடருக்கும் நான்கே வயதுதான் வித்தியாசம். குரு ஞானாபரணம் பைபிளின் மூல மொழியான எபிரேயத்தைக் கரைத்துக் குடித்தவர். சீடர் மாசிலாமணி வீட்டை விட்டு வந்தவர். நாற்பத்து மூன்று வயதில் சீடனாவது கொஞ்சம் சங்கடமான காரியம். மாசிலாமணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள அவரிடம் தெம்பு இல்லை.

சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்தால், ஞானஸ்நானத்துக்கு முன்பு ஆசிரமத்துக்குத் தூக்கி வந்து, வேதப் பெயர் ஒன்றை அர்த்தத்தோடு கேட்டுக்கொண்டு போவார்கள். முன்பு ஞானாபரணம் ஐயாதான் சொல்லிக்கொண்டிருந்தார். மாசிலாமணி வந்த இரண்டாம் வாரமே அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிட்டார்.

மலையைப் புரட்டும் வேலை இல்லைதான். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரூபன். ஆறு மாதத்தில் பத்தொன்பது ரூபன்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். கூப்பிட வாய்க்கு லேசு. பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுத மாட்டார்கள். பெண்ணைக் கொடுத்தவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், அவர்களுக்கும் உறுத்தாது. ஊரில் மூன்று ரூபன்கள் இருக்கிறார்கள், மூவருமே நன்றாக இருக்கிறார்கள்.

இருபதாவதாக ஒரு லாரி டிரைவரும் அவன் மனைவியும் வந்தார்கள்.

"ரூபன்னா அழகன்தானே சார்?" என்றான் டிரைவர்.

"இல்லீங்க. எபிரேயத்துல 'ரெயூ'ன்னா பாருங்க. 'பென்'னா மகன். பாருங்க, ஒரு மகன். அவ்வளவுதான் அர்த்தம்."

"யாரைப் பார்க்கச் சொல்லுது?"

"முதமுதல்ல அந்தப் பேரை வெச்சது ஒரு தாய். புருஷன் அவளை ஏறெடுத்தும் பார்க்கிறதில்லை. பையன் பிறந்ததும் கையில வெச்சுகிட்டு, பாருங்கன்னு சொன்னா. அதுவே பேராயிடுச்சு."

இருபது தடவை சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவார்.

டிரைவரின் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க சார்?"

மாசிலாமணி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நாலு" என்றார். பிறகு, "ஒண்ணு" என்றார்.

சட்டைப்பையில் ஜெபமலரின் இன்லண்டு லெட்டர் இருந்தது. வந்து ஒன்பது நாளாகிறது.

ஜெபமலர் அவர் மனைவி. சாத்தூரில் அவளை ஐந்து மாதக் கர்ப்பத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தார். அவள் மேல் கோபம் எதுவும் இல்லை, பயம்தான். அதற்கு முன் பிறந்த மூன்றும் ஒரு மாதம் தங்கவில்லை. மூன்றையும் துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். இன்னொரு தடவை அவரால் ஆகாது. ஜெபம் பண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். ஓடிவந்தார் என்பதுதான் சரி.

டிரைவரும் மனைவியும் போனதும் அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். ஐயா கால்வீக்கத்துக்கு உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒரு பேரு வேணும்."

"யாருக்கு?"

கடிதத்தை நீட்டினார். ஐயா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார்.

'ஆண் பிள்ளை. பிறந்தப்ப ரெண்டரைக் கிலோ. ஒரு மாசம் தாண்டட்டும்னு எழுதாம இருந்தேன். இன்னிக்கு நாப்பதாம் நாள். நல்லா பால் குடிக்கிறான். அடுத்த மாசம் ரெண்டாம் ஞாயிறு ஞானஸ்நானம். ஊருக்கெல்லாம் பேரு சொல்றீங்களாம். இவனுக்கும் ஒண்ணு எழுதி அனுப்புங்க. வரச்சொல்லிக் கேட்கலை.'

ஐயா இரண்டாம் தடவையும் படித்தார்.

"பேரு சொல்றது உங்க வேலையாச்சே."

"மத்தவங்க பிள்ளைக்குச் சொல்லிடுறேன். இதுக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குது."

"ரூபன்?"

"வேண்டாம் ஐயா. கேட்டாலே அலுப்பா இருக்கு. தடுக்கி விழுந்தா ஒரு ரூபன். காப்பாத்துற மாதிரி பேரு சொல்லுங்க. பெலமான அர்த்தமா."

"மத்த மூணு பேருக்கும் என்ன பேரு?"

மாசிலாமணி சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தப் பெயர்களை அவர் வாய்விட்டுச் சொல்லி வருஷங்களாகிவிட்டன.

"எசேக்கியேல். கடவுள் பலப்படுத்துவார். அடுத்தவன் ரபாயேல். கடவுள் குணமாக்குவார். அப்புறம் எலெயாசர். கடவுள் துணை செய்தார். மூணும் பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் தேடி எடுத்து வெச்சது."

"பெலமான பேருங்கதான்" என்றார் ஐயா. அதில் கேலி இல்லை.

"அப்ப எங்கே தப்பு?"

"எனக்குத் தெரியாது."

அப்படி ஒரு பதிலை ஐயாவிடமிருந்து மாசிலாமணி எதிர்பார்க்கவில்லை. ஐயாவின் குரலிலும் அசதி தெரிந்தது. வெந்நீர் ஆறிப்போனது.

ஐயா காலைத் துடைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி உள்ளே போனார். புது இன்லண்டு லெட்டர் ஒன்றும் பேனாவும் எடுத்து வந்து பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாத்தூர் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதினார்.

"நான் தேடித் தர்றேன். பிள்ளையைப் பத்திச் சொல்லுங்க. அப்பதான் பொருத்தமா வரும்."

மாசிலாமணிக்கு உயிர் வந்தது. ஒருவழியாகப் பாரம் இறங்கிவிடும்.

"ஆண் பிள்ளை ஐயா. நாப்பது நாள் முடிஞ்சு இன்னிக்கு அம்பதாவது நாள் இருக்கும்."

"ம்."

"ரெண்டரைக் கிலோ."

"அது இதுலயே எழுதியிருக்கு."

"நல்லா பால் குடிக்கிறான்."

"அதுவும் எழுதியிருக்கு." ஐயா பேனாவைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "யாரு ஜாடை?"

மாசிலாமணி ஐயா கையிலிருந்த கடிதத்தை வாங்கி மேலும் கீழும் தேடினார். அது அதில் இல்லை, போய்ப் பார்த்தால்தான் தெரியும்.