பூட்டுப் போட்ட அடிபம்பு

"எவனோ களவாண்டுட்டான் டீச்சர். என் பிள்ளை தலைக்குள்ள இருந்ததை எவனோ மொத்தமா வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டான். அவன் எவன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார் செந்தூர்ப்பாண்டி அண்ணாச்சி. வாழைத்தார் வியாபாரி. சந்தையில் அவர் வாயைத் திறந்தால் விலை தானாக இறங்கும். இறங்காவிட்டால் இறங்கும்வரை வாயை மூடமாட்டார்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற இடம் ஊரில் இரண்டே இரண்டு. ஒன்று சுடலைமாடன் கோயில். இன்னொன்று தலைமையாசிரியர் ஜெபக்கனி டீச்சரின் இந்த அறை. கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலை உருட்டிக்கொண்டு, லாரியில் தார் ஏற்றித் திரிந்த காலத்தில், இதே கட்டடத்தில் சாயங்கால வகுப்பு வைத்து அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். வயதில் அண்ணாச்சியைவிட இளையவர். இருந்தாலும் அவர் முன்னால் அண்ணாச்சியின் குரல் எப்போதும் ஒரு படி இறங்கித்தான் நிற்கும்.

அன்றைக்கு இறங்கவில்லை. செருப்பும் காலில்தான் இருந்தது.

"பங்குனியில பேப்பரை விரிச்சு வச்சு எனக்கே படிச்சுக் காட்டினா. தலைப்பு மட்டும் இல்ல, பொடி எழுத்துக்கூட. இன்னைக்குக் காலையில அதே பேப்பரைக் கையில குடுத்தா, திருவிழாக் கூட்டத்துல அம்மையைத் தொலைச்ச பிள்ளை மாதிரி முழிக்கா. ஏழாம் வாய்ப்பாடு பாதியில நின்னுபோச்சு. இது என்ன பள்ளிக்கூடமா, ஓட்டைச் சட்டியா?"

அவருக்குப் பின்னால் அவர் மகள் ஹரிணி தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அஞ்சாம் வகுப்பு. அழுது ஓய்ந்த முகம்.

கேட்டுக்கு வெளியே லோடு ஆட்டோ நின்றது. பாதி வண்டி வாழைத்தார். அதற்கு நடுவே ஒரு தகரப்பெட்டி. பெட்டிக்குள் ஹரிணியின் துணிமணி.

"டி.சி. எழுதுங்க. டவுன்ல ஹாஸ்டல் பேசியாச்சு. இன்னைக்கே கொண்டுபோய் விடுதேன்."

"லீவுல பிள்ளை என்ன செஞ்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"கடையில எங்கூட இருந்தா. போனைக் குடுத்து உக்கார வச்சேன். ஒரு வம்பு கிடையாது."

"சரி. எழுதுதேன்." டீச்சர் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். "தொண்டை காஞ்சு கிடக்கு அண்ணாச்சி. முற்றத்து அடிபம்பில ஒரு சொம்பு தண்ணி அடிச்சுக் குடுங்க. குடிச்சிட்டு எழுதுதேன்."

"நானா?"

"நீங்கதான்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சொம்பு பறந்திருக்கும். அண்ணாச்சி வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார்.

பம்பின் கைப்பிடியில் சங்கிலி சுற்றிப் பூட்டுத் தொங்கியது.

"இது பூட்டியில்லா கிடக்கு! சாவி எங்க?"

"உங்க இடுப்புல."

அண்ணாச்சியின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் அவர். அவர் தலைவராவதற்கு முன்புவரை லீவு நாளில் சாயங்காலமானால் பள்ளிக்கூட கேட் திறந்துதான் கிடக்கும். பிள்ளைகள் வரும். வாகை மரத்தடியில் குப்புறப் படுத்துக் கதைப்புத்தகம் படிக்கும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை வாசிக்கவிட்டுக் கேலி பண்ணும். கபடிக்குப் புள்ளிக்கணக்கைச் சுவரில் கரியால் எழுதிக் கூட்டும். கூட்டல் தப்பென்று சண்டை வரும். அடித்துப் புரண்டு, பம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகும்.

தலைவரானதும் அண்ணாச்சி முதலில் நிறுத்தியது அதைத்தான். தண்ணீர் வீணாகிறது, புத்தகம் கிழிகிறது, சுவர் கரியாகிறது. லீவென்றால் லீவு. டீச்சர் தினம் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடக் கேட்டார். அண்ணாச்சி அரை மணிக்கு இறக்கினார். பிறகு கால் மணி. கடைசியில் ஒன்றுமில்லாமல் பேசி முடித்துவிட்டு, டீச்சரையே பேரத்தில் ஜெயித்தேன் என்று சந்தையில் டீ வாங்கிக்கொடுத்தார். பம்புக்குப் பூட்டு, கேட்டுக்குப் பூட்டு, பம்புக்கு மேலே சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு எச்சரிக்கை. எல்லாம் அவர் கைக்காசு. அதில் அவருக்குப் பெருமை. பள்ளிக்கூடம் திறந்ததும் கேட் பூட்டைக் கழற்றியவர், பம்புப் பூட்டை மறந்தே போயிருந்தார்.

பூட்டைத் திறந்தார். கைப்பிடியைப் பிடித்து அடித்தார்.

கடக். கடக். காற்றுதான் வந்தது.

வேகமாக அடித்தார். பம்பு ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்தது.

"வாயேன் சனியனே! என்ன, முறுக்குதியா?" கடையில் விலை இறங்காத விவசாயியைத் திட்டுகிற அதே குரலில் பம்பைத் திட்டினார். சட்டை முதுகோடு ஒட்டியது. வகுப்புகளின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

வெளியே ஆட்டோ டிரைவர் ஹாரன் அடித்தான். "அண்ணாச்சி! தார் வெயில்ல வேகுது!"

"வெந்தா அவிச்சுத் தின்னு, போ!"

கைப்பிடியை விட்டார். "இது செத்துப்போச்சு டீச்சர். கீழ தண்ணி இல்ல. இதைப் பிடுங்கிப் போட்டுட்டு வேற எடத்துல புது போர் போடணும்."

டீச்சர் படியிறங்கி வந்திருந்தார். "ஹரிணி, உன் பாட்டில்ல பாதித் தண்ணியை மேல ஊத்தும்மா."

ஹரிணி எக்கி நின்று, பம்பின் தலைக்குள் ஊற்றினாள். ஊற்றி முடிக்கும் முன்னே அண்ணாச்சி கைப்பிடியைப் பிடுங்கி அடித்தார். கடக். கடக். ஊற்றிய தண்ணீரும் கீழே போய்விட்டது.

"போச்சா?" என்றார் டீச்சர்.

"நான் சொன்னேன்ல, இது செத்த பம்பு."

"உள்ள தோல் வாஷர் இருக்கு. அடிக்காம பூட்டிப் போட்டா காஞ்சு சுருங்கிரும். அது ஊறணும். ஊறுற வரைக்கும் கை வைக்கப்பிடாது." டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். "ஒரு சித்திரையில வாழை வெட்டுன்னு வகுப்புக்கு வராம இருந்தியளே. திரும்பி வந்தப்ப உங்களுக்கு 'ழ' எழுத வரல. வாழை வியாபாரிக்கு 'ழ' வரல. அன்னைக்கு எவன் களவாண்டான்னு கேட்டியளா?"

அண்ணாச்சி கைப்பிடியை விட்டுவிட்டு விலகி நின்றார். அன்றைக்கு டீச்சர் திட்டவுமில்லை, முதலிலிருந்து தொடங்கவுமில்லை. ஏற்றுகிற ஒவ்வொரு தார்க்காம்பிலும் மையால் ஒரு 'ழ' போடச் சொன்னார். அவ்வளவுதான்.

"மிச்சத்தையும் ஊத்து" என்றார் டீச்சர்.

ஹரிணி ஊற்றினாள். பாட்டில் காலி. இனி ஊற்றத் தண்ணீர் கிடையாது.

மூன்று பேரும் நின்றார்கள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. ஹாரன் மறுபடி கத்தியது. அண்ணாச்சியின் விரல்கள் கைப்பிடிப் பக்கம் ஊர்ந்தன. டீச்சர் பார்த்தார். விரல்கள் திரும்பின. விலை சொல்லிவிட்டுச் சும்மா நிற்பது அவருக்கு வாழ்க்கையில் பழக்கமில்லாத வேலை.

"இப்ப அடி ஹரிணி."

ஹரிணி கைப்பிடியில் தொங்கி அடித்தாள். கடக். பிறகு ஒரு கனைப்பு. பம்பின் வயிற்றுக்குள் என்னமோ புரண்டது. செம்பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் வாயில் வந்து விழுந்தது.

"துரு!" என்றார் அண்ணாச்சி. "சாக்கடை மாதிரி வருது. நிறுத்துளா!"

"வரட்டும். நீ அடி."

அடித்தாள். பழுப்பு மஞ்சளானது. மஞ்சள் வெளுத்தது. பிறகு கண்ணாடி மாதிரி கொட்டியது. ஹரிணி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

டீச்சர் சொம்பைப் பிடித்து நிரப்பினார். குடிக்கவில்லை. சுவரைக் காட்டினார்.

"அதைப் படி."

ஹரிணியின் சிரிப்பு நின்றது. அப்பாவைப் பார்த்தாள்.

"அங்க பார்க்காத. சுவரைப் பாரு."

"வி... விடு..." நின்றாள். "விடு..."

"விடுமு—" என்று அண்ணாச்சி எடுத்துக்கொடுத்தார்.

"அண்ணாச்சி." டீச்சர் கையை உயர்த்தினார். "அவ ஊறட்டும்."

ஜன்னல் தலைகளெல்லாம் அசையாமல் நின்றன.

"விடு... முறை. விடுமுறை நா... நாளில். விடுமுறை நாளில் பிள்... பிள்ளைகள் உள்ளே வர..." மூச்சு வாங்கினாள். "வரக் கூடாது." குரல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கத் தொடங்கியது. "புத்தகம், தண்ணீர் எதுவும் தரப்படாது. மீறினால் தண்டனை. இப்படிக்கு, தலைவர், செந்..."

அங்கே நின்றுவிட்டாள். தெரியாமல் நிற்கவில்லை.

"முழுசாப் படிம்மா" என்றார் டீச்சர்.

"செந்தூர்ப்பாண்டி."

அண்ணாச்சி தன் பெயரை அந்தச் சுவரில் எத்தனையோ தடவை நின்று பார்த்து ரசித்திருக்கிறார். அதை யாரும் வாய்விட்டுப் படித்துக் கேட்டதில்லை.

ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை.

"டி.சி. எழுதட்டுமா?"

அண்ணாச்சி குனிந்து செருப்பைக் கழற்றினார். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றார். கேட்டுப் பக்கம் பார்த்து, "ஏய், அந்தப் பெட்டியை இறக்கி வையி!" என்று கத்தினார். பிறகு குரல் ஒரு படி இறங்கியது.

"அடுத்த லீவுல தினம் அரை மணி திறந்து விடுதேன் டீச்சர்."

"ம்."

"சரி, ஒரு மணி."

டீச்சர் பேரம் பேசவில்லை. ஜன்னல்களில் நின்ற தலைகளைக் காட்டினார்.

"உங்க பிள்ளைக்குத் தண்ணி வந்தாச்சு. இதுகளும் காஞ்சுதான் கிடக்கு. இன்னைக்குக் காலையில இதுகளுக்குப் பேப்பரைக் குடுத்துப் படிக்கச் சொல்ல வீட்டுல ஆளு கிடையாது. எவனோ களவாண்டான்னு என் வாசல்ல வந்து கத்தவும் ஆளு கிடையாது. அடுத்த லீவுக் கதை எனக்கு வேண்டாம். இன்னைக்குச் சாயங்காலம் பூட்டினவன் வரட்டும். கேட்டைத் திறந்து, அந்த மரத்தடியில உக்காரட்டும். ஒவ்வொண்ணுக்கும் புத்தகத்தைக் குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தட்டும். ஊறுற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கட்டும்."