காப்புக் கட்டிய கை

ரொம்பக் காலத்துக்கு முந்தி நெடுவயல் நாட்டை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட, சந்தேகப்பட்டான் என்று சொன்னால்தான் சரி. வெற்றிலை மடித்துக் கொடுத்தால் பாதியைக் கடித்துக் காட்டச் சொல்லுவான். யாராவது கும்பிட்டால், "எதுக்கு இவ்வளவு குனியிறான்?" என்பான். அவனிடம் மந்திரியாக இருந்தவர் சிற்றம்பலவர். பாவம் மனுஷன், பன்னிரண்டு வருஷமாகப் பாதி வெற்றிலை கடித்தே பல் தேய்ந்தவர்.

ஒருநாள் சேந்தனூர் ராஜாவிடமிருந்து ஓலை வந்தது. "என் எதிரியின் படையில் உங்கள் நாட்டு வீரர்கள் கூலிக்கு நின்று சண்டை போடுகிறார்கள். ஏழு பேர் செத்துக் கிடக்கிறார்கள். இனி ஒருத்தன் வந்தாலும் நம் நட்பு முறிந்தது. உங்கள் மேலேயே படையெடுப்பேன்."

ராஜாவின் கண் சபையைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மந்திரி மேல் நின்றது.

"எனக்குத் தெரியாம என் ஆட்களை எவனோ அனுப்புறான். அதுக்குப் புத்தி வேணும். இங்கே புத்தி உமக்குத்தான் இருக்கு, சிற்றம்பலவரே! மூணு நாளிலே ஆளைக் காட்டும். இல்லேன்னா நீர்தான் அந்த ஆள். தலை தங்காது."

தளவாய் பூதலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டான். படைக்குத் தலைவன் அவன். மந்திரி ஆசனத்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். "ஆளைத் தேடுறது அவர் பாடு, மகாராஜா. சட்டம் நாம போட்டுடுவோம். அடியேன் எழுதியே வச்சிருக்கேன்" என்று ஓர் ஓலையை நீட்டினான்.

சேதி வந்து ஒரு நாழிகை ஆகவில்லை, அதற்குள் சட்டம் தயார்! சிற்றம்பலவருக்குச் சுருக்கென்றது. வாங்கி வாசித்தார். கூலிக்கு அயல்நாட்டுச் சண்டைக்குப் போகிறவனுக்குக் கழுமரம். யாத்திரை போகிறவர்கள் தளவாயின் முத்திரை வாங்கிக்கொண்டு போகலாம். அவ்வளவுதான் சட்டம். அனுப்புகிறவனைப் பற்றி ஓர் எழுத்துக் கிடையாது.

"பிரமாதம்!" என்றார் மந்திரி. "முதல்லே போற யாத்திரைக்காரங்க மட்டும் மகாராஜாகிட்டே ஆசி வாங்கிட்டுப் போகட்டும். புதுச் சட்டத்துக்கு மங்களமா இருக்கும்."

"அதுக்கென்ன! சேது ஸ்நானத்துக்கு நாப்பது பேர் தயாரா இருக்காங்க" என்று தளவாய் பெருமையில் வாயை விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் நாற்பது பேரும் வந்தார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் ஆளுக்கொரு கம்பளி! மந்திரி ஒருத்தன் கம்பளியை விலக்கினார். மணிக்கட்டில் சிவப்புக் காப்பு.

நெடுவயலில் ஒரு வழக்கம் உண்டு. சண்டைக்குப் போகிறவனுக்கு, அனுப்புகிறவன் தன் கையாலேயே காப்புக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஒருத்தனும் எல்லை தாண்டமாட்டான். கட்டினவனே அவிழ்க்கும்வரை, கட்டிக்கொண்டவன் தன் வீட்டு வாசற்படியை மிதிக்கவும் மாட்டான். செத்துப்போனால்கூடக் கட்டினவன்தான் தேடிப்போய் அவிழ்த்து வர வேண்டும்.

"இது விரதக் காப்பு, மகாராஜா! கோயில் பூசாரி கட்டினது" என்றான் தளவாய், பதறாமல்.

"யாரப்பா கட்டினது?" என்று மந்திரி கேட்டார். நாற்பது பேரும் கம்பளியை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார்கள். சொன்னால் கழுமரமாயிற்றே!

"பொழுது சாயுது, சிற்றம்பலவரே" என்றான் ராஜா. பயந்துதான் போனார் மந்திரி.

"மகாராஜா, சண்டைக்குக் கிளம்பாதவனுக்குக் கழு இல்லையே?"

"கிளம்பாதவனுக்கு எதுக்கு?"

"அப்போ யாத்திரைக்காரங்களே, ஒரு நல்ல சேதி கேட்டுட்டுப் போங்க. சேந்தனூர்ச் சண்டை நின்னுபோச்சு. ரெண்டு ராஜாவும் சமாதானம். இனி அங்கே யாருக்கும் வேலை இல்லை. இஷ்டப்பட்டவங்க இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

நாற்பது முகமும் மலர்ந்தது. "அப்பாடா, இன்னிக்கு வீட்டுச் சோறு!" என்றான் ஒருத்தன். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் காப்பு அவிழ வேண்டும். பிறந்த நாள் முதல் பார்த்த பழக்கம், யோசிக்கவா தோன்றும்? நாற்பது பேரும் வரிசையாகத் தளவாய் முன்னால் போய் நின்று கையை நீட்டினார்கள்.

தளவாய் தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "பூசாரிகிட்டே போங்கடா!"

"நீங்கதானே ஐயா கட்டினீங்க? வேற கை அவிழ்த்தா வீட்டுக்குள்ளே எப்படிப் போறது?" என்றான் முன்னால் நின்றவன், வெள்ளந்தியாக.

"அவிழ்" என்றான் ராஜா. நாற்பது முடிச்சையும் தளவாய் அவிழ்த்து முடித்தான். சட்டத்தில் முதல் வரி மாறியது: ஆள் சேர்த்து அனுப்புகிறவனே முதல் குற்றவாளி.

"சமாதானச் சேதி எப்போ வந்தது?" என்று ராஜா சந்தேகமாகக் கேட்டான்.

"வரலை, மகாராஜா. இந்தச் சட்டத்தை அனுப்பினா வரும்."

ராஜா சிரித்தே விட்டான். தன் கையாலேயே வெற்றிலை மடித்து முழுசாகக் கொடுத்தான். மந்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதியைக் கடிச்சுக் காட்டுங்க, மகாராஜா." சபை கொல்லென்று சிரித்தது.

சபை வாசலோரம் சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். செத்த ஏழு பேரில் ஒருத்தனின் பெண்சாதி, முத்தாலு. "ராஜா, என் புருஷன் கையிலே கட்டினதை யார் அவிழ்ப்பாங்க?"

"கட்டினவன்தான்" என்றான் ராஜா. "பூதலிங்கம், வாளைக் கீழே வை. தனியாப் போ. ஏழு காப்பையும் அவிழ்த்து ஏழு வீட்டிலே கொடு."

"அங்கே போனா என்னைக் கொன்னுடுவாங்களே, மகாராஜா!"

"அவங்களுக்குக் கட்டும்போது இது தெரியாதா?" என்றார் மந்திரி.

தளவாய் வெறுங்கையோடு நடந்தான். பின்னாலேயே முத்தாலுவும் நடந்தாள். சிற்றம்பலவர் ஓடிப்போய் மறித்தார். "நீ எதுக்கம்மா? அவன் ஓடிடுவான்னு சந்தேகமா?"

"அதில்லே சாமி. இவரு நாப்பது நாப்பதாக் கட்டினவரு. என் புருஷன் முகம் இவருக்கு அடையாளம் தெரியாது."