மான்தட்டுக்கு ஏங்கிய சில்வண்டு

குளக்கரை மருதமரத்தடியில் ஒரு முள்ளம்பன்றி கடை வைத்திருந்தது. தண்ணீர் குடிக்க வரும் மிருகம் எதுவும் அந்தக் கடையைப் பார்க்காமல் போக முடியாது.

கடையில் மூன்று தட்டுகள். மேல்தட்டு மானின் கண்ணுக்கு நேராக இருக்கும். அது மான்தட்டு. நடுவில் இருப்பது நரித்தட்டு. கீழே தரையோடு தரையாக ஒரு பலகை. அதற்குப் பெயர்கூட யாரும் வைக்கவில்லை. எதை எல்லோரும் கேட்கிறார்களோ அது மான்தட்டில் இருக்கும். கேட்பது குறையக் குறையக் கீழே இறங்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி முள்ளம்பன்றி சரக்கை மாற்றி அடுக்கும்.

ஒரு காலத்தில் மான்தட்டு முழுக்கச் சில்வண்டுகள்தான். மூங்கில் குழாயில் பெரிய சில்வண்டுகள். நத்தை ஓட்டில் நடுத்தரம். புங்கங்காய்த் தோட்டில் பொடிசுகள். கூட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் போகிற இடமெல்லாம் பாட்டு. மேய்ந்தாலும் பாட்டு, அசைபோட்டாலும் பாட்டு. கழுத்தில் கூடு இல்லாத முயலைப் பார்த்து, "ஐயோ பாவம், எப்படித்தான் பொழுது போகுதோ!" என்று மற்ற முயல்கள் சிரித்தன.

அப்புறம் மைனா வந்தது.

"நீயும் பாடுவியா?" என்று கேட்டது மான்.

"பாடுவேன்! தூது போவேன்! தேன் எந்த மரத்துல இருக்குன்னு சொல்வேன்! புலி எங்கே படுத்திருக்குன்னு பார்த்துட்டு வருவேன்!"

மான் அங்கேயே கழுத்துக் கூட்டைக் கழற்றி வைத்தது. மைனா அதன் கொம்பில் ஏறிக்கொண்டது.

மைனா பாடியது உண்மைதான். ஆனால் நாலு வரி பாடுவதற்குள், "உடும்பு உங்களை விசாரிச்சுது!" என்று கத்தும். மறுபடி ரெண்டு வரி. "கிழக்கே மழை! கிழக்கே மழை!" என்று அலறும். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

முதலில் மூங்கில் குழாய் சில்வண்டுகள் போயின. முள்ளம்பன்றி குழாயைத் திறந்து, "போங்க, இனிமே உங்களுக்கு விடுதலை!" என்றது. கூட்டிலேயே வளர்ந்த அவை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றன. அடுத்த பௌர்ணமிக்குப் பொடிசுகள் போயின. கடைசியில் நத்தை ஓட்டுச் சில்வண்டு ஒன்றே ஒன்று மிச்சம். அதுவும் மான்தட்டிலிருந்து நரித்தட்டுக்கு வந்து, அங்கிருந்து தரைப் பலகைக்கு இறங்கிவிட்டது.

பலகையில் பேச ஆளில்லை. பக்கத்தில் ஓர் உடைந்த கிளிஞ்சல். அந்தப் பக்கம் காய்ந்துபோன நாரத்தங்காய். மேலே மைனாக்களின் கும்மாளம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"முள்ளண்ணே, என்னைத் திரும்ப மேலே வைக்க மாட்டீங்களா?"

"கோவிச்சுக்காதே தம்பி. மைனாவே பாடிடுது. பாட்டுக்குன்னு தனியா ஒண்ணை யார் சுமப்பாங்க?"

"அப்போ என் கதி?"

"வர்ற பௌர்ணமிக்குள்ள யாராவது உன்னை எடுத்தா சரி. இல்லேன்னா ஓட்டைக் காலி பண்ணிக் குடு. அதுல தேன் ஊத்தி விக்கலாம்னு இருக்கேன்."

சில்வண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடு போனால் அதற்கு வேறு எதுவுமில்லை.

அது ஒரு முடிவுக்கு வந்தது. 'மைனா செய்யிறதை எல்லாம் நானும் செய்வேன்! மான்தட்டுக்கு ஏறியே தீருவேன்!'

அன்றிலிருந்து பாட்டை நிறுத்தியது. மைனாக்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தது. "கிழக்கே மழை! மேற்கே புலி!" என்று பகலெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தது. மேலேயிருந்து ஒரு மைனா எட்டிப் பார்த்து, "அடடே, தரையிலிருந்து செய்தி வருது! எறும்புக்கு என்னப்பா விசேஷம்?" என்று கேலி செய்தது. மற்ற மைனாக்கள் சிறகடித்துச் சிரித்தன. சில்வண்டு இன்னும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தது.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓர் அழுங்கு வந்தது. உடம்பெல்லாம் செதில், மண்ணைத் தோண்டி எறும்பு தின்கிற பிராணி. மூக்கு தரையில் உரசும்படி குனிந்தே நடக்கும். மான்தட்டை அது பார்க்கவேயில்லை. நேராகத் தரைப் பலகைக்கு முன்னால் வந்து நின்றது.

"நீ சில்வண்டுதானே?" என்று மெதுவாகக் கேட்டது. "உன்னைத் தேடி மூணு கடை ஏறி இறங்கிட்டேன். எங்கேயும் இல்லைன்னுட்டாங்க."

"என்ன வேணும் அண்ணே?"

"நாள் முழுக்க மண்ணுக்குள்ள தோண்டுறேன். நான் தோண்டுற சத்தம் ஒண்ணுதான் காதுல விழுது. துணைக்கு ஒரு பாட்டு இருந்தா நல்லாயிருக்கும்."

சில்வண்டு நெஞ்சை நிமிர்த்தியது. "பாட்டு மட்டுமா? கிழக்கே மழை! மேற்கே புலி! தேன் வேணுமா, வழி சொல்றேன்!"

"மண்ணுக்குள்ள எனக்கு ஏது மழை? தேனும் நான் தின்கிறதில்லை."

"தூது போவேன்!"

"யாருக்கு அனுப்புறது? எனக்கு யாருமில்லையே."

அழுங்கு பலகைக்கு இன்னும் கிட்டே வந்தது. பிறகு, "ஒரே ஒரு பாட்டு பாடேன். கேட்டுட்டு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்," என்றது.

சில்வண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'இவ்வளவு கற்றுக்கொண்டும் வெறும் பாட்டா! அதுவும் தரையைப் பார்த்து நடக்கிற அழுங்குக்கா!'

"வெறும் பாட்டுக்காரன்னு நினைச்சீங்களா? வர்ற பௌர்ணமிக்கே மான்தட்டுல இருப்பேன். அங்கே வந்து கேளுங்க!"

"என்னால அவ்வளவு உயரம் நிமிர முடியாதே, தம்பி," என்றது அழுங்கு. கோபப்படவில்லை. திரும்பி, வந்தது போலவே குனிந்து நடந்தது.

அதன் வால் புதருக்குள் மறையும்போதுதான் சில்வண்டுக்குப் பகீர் என்றது. ஆறு மாதத்தில் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வந்தது இந்த ஒன்றுதான்.

"அண்ணே! நில்லுங்க! பாடுறேன்!"

பாட முயன்றது. "கிழக்கே மழை" என்றுதான் வந்தது. மறுபடி முயன்றது. "மேற்கே புலி" வந்தது. மூன்றாவது தடவை, கரகரவென்று, பழைய பாட்டின் முதல் இழை எழுந்தது. அதற்குள் அழுங்கு புதருக்குப் பின்னால் இருந்த தன் வளைக்குள் இறங்கி, தன் வழக்கப்படி உள்ளிருந்து மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துவிட்டது.

பௌர்ணமியன்று காலையில் முள்ளம்பன்றி ஓட்டைக் கழுவித் தேன் ஊற்றியது. சில்வண்டு தத்தித் தத்தி அந்த வளைக்குப் போனது. அடைத்த மண்ணின்மேல் உட்கார்ந்து, தெரிந்த பாட்டையெல்லாம் பாடியது. மண் கெட்டியாக இருந்தது. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

எல்லோரும் பார்க்கும் இடத்துக்கே ஏங்குகிறவர், தன்னை மட்டுமே தேடி வந்தவரைத் தொலைத்துவிடுவார்.