சலிப்புக்குத் தடை போட்ட ராஜா

ரொம்ப ரொம்ப முந்தி, கோரைப்பட்டணத்தைக் கோமளராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனா எரிச்சல்னா என்னன்னே தெரியாம வளர்ந்தவர். ஏன்னா, அந்த அரண்மனையில ஒரு வழக்கம். ராஜாவுக்கு எது வந்தாலும் அது முதல்ல விருத்தகிரிங்கற பிரபுவுக்கு வரணும். பாயசத்தை முதல்ல அவர் குடிப்பார். ஊஞ்சல்ல முதல்ல அவர் ஆடுவார். வெந்நீரை முதல்ல அவர் தலையில ஊத்தி, அவர் அலறலேன்னாதான் ராஜாவுக்கு ஊத்துவாங்க. "மன்னர் மேனிக்கு முன்னால் என் மேனி!"ன்னு சொல்லிச் சொல்லியே அந்த ஆளுக்குத் தொந்தியும் வளர்ந்துச்சு, திமிரும் வளர்ந்துச்சு. மந்திரி ஆராவமுதனைக் கண்டா மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

ஒருநாள் மந்திரி வீட்டுல கிணத்துக் கயிறு அறுந்துபோச்சு. வழியில வண்டிமாடு நடுத்தெருவுல படுத்துக்கிச்சு. வேட்டியெல்லாம் சேறோட சபைக்கு வந்து உட்கார்ந்தவர், வாய்தவறி, "ச்சே! என்ன பொழப்புடா இது!"ன்னுட்டார்.

சபையில எல்லாரும் ராஜா பக்கம் திரும்பினாங்க.

"என் ஆட்சியில் சலிப்பா?" ராஜாவுக்கு முகம் சிவந்து போச்சு.

விருத்தகிரி துள்ளி எழுந்தார். "மன்னா! இனி இந்த நாட்டில் 'ச்சே' என்று சலித்துக்கொள்கிறவன் மீசையில் பாதியைச் சிரைக்க வேண்டும். பாதி மீசைக்காரனுக்குப் பதவி கிடையாது. மன்னரே ஆனாலும் விலக்கில்லை என்று சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் குடிகளுக்குப் பயம் இருக்கும்!"

"பேஷ்! அப்படியே ஆகட்டும். மந்திரியாரே, மீசையைத் தயாராக வையும்."

பாவம் ஆராவமுதன். கஷ்டப்பட்டு ஏறின பதவி, ஆசையா வளர்த்த மீசை, ரெண்டும் ஒரே கத்தியில போகப்போகுது. ஆனாலும் மனுஷன் விடலை.

"மன்னா, நாளை ஒரு நாள் சாதாரண ஆளாக இருந்து பாருங்கள். விடிந்ததிலிருந்து, மறுநாள் சபைக்கு வந்து நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை, தங்கள் வாயில் அந்தச் சொல் வராவிட்டால் என் முழு மீசையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரை மோதிரத்தையும் விருத்தகிரியாருக்கே கொடுத்துவிடுகிறேன்."

"வந்துவிட்டால்?"

"அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே, மன்னா."

"இவ்வளவுதானா!"ன்னு ராஜா சிரிச்சார். விருத்தகிரி அப்பவே விரலை நீட்டி அளவு பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

மறுநாள் ராஜா மந்திரியோட பழைய வேட்டியைக் கட்டி, மந்திரியோட செருப்பையே மாட்டிக்கிட்டு, சுங்கச்சாவடிக்கு வேலைக்குப் போனார். மந்திரி துணைக்குத் தள்ளி நின்னுக்கிட்டார்.

"அந்த மிளகு மூட்டையை இந்த மூலையில வை"ன்னான் மேலாள். ராஜா வச்சார்.

கொஞ்ச நேரத்துல அதே ஆள் வந்து, "எவன்யா இதை இங்க வச்சது?"

"தாங்கள்தான் சொன்னீர்கள்..."

"நான் சொன்னா? உனக்குப் புத்தி எங்க போச்சு?"

சாயங்காலத்துக்குள்ள அந்த மூட்டை நாலு மூலையும் சுத்திட்டுப் பழைய இடத்துக்கே வந்துடுச்சு. ராஜா பல்லைக் கடிச்சுக்கிட்டார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு மந்திரி வீட்டுக்கு வந்தா, அவர் சம்சாரம் வேதவல்லி இவரைத் தூரத்துச் சொந்தம்னு நினைச்சுக்கிட்டு, "அண்ணே, என்ன சமைக்கட்டும்?"னு கேட்டா.

"எதுவானாலும் சரி, அம்மா."

"எதுவானாலும்னு சந்தையில ஒரு காய் விக்குதா? வாயைத் திறந்து சொல்லுங்க."

"கத்தரிக்காய்?"

"இல்லை."

"புடலங்காய்?"

"நேத்துதானே வச்சேன்!"

"அப்படியானால் உங்கள் இஷ்டம்."

"ஆமா, எல்லாத்தையும் நானே யோசிக்கணும். இந்த வீட்டுக்கு வர்ற ஆம்பளை ஒவ்வொருத்தரும் இப்படித்தான்!"

ராஜா உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சாப்பிட்டார். அப்புறம் கூத்துப் பார்க்கப் போனார். முன்னால அண்டா சைசுல ஒரு தலைப்பாகை. இவர் இடப்பக்கம் சாய்ஞ்சா அதுவும் சாயுது. பக்கத்துல ஒருத்தன், "இப்ப பாரு, இவன் சாவான். அடுத்து அவ அழுவா"ன்னு எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டான். வெளியே வந்தா இடது கால் செருப்பு மட்டும் இருக்கு. ராஜா ஒத்தைச் செருப்போட நொண்டிக்கிட்டே அரண்மனைக்குப் போனார். அப்பவும் அந்தச் சொல் வாயில வரலை!

காலையில விருத்தகிரி நாவிதரோட சபைக்கு வந்து நின்னார். மந்திரி மீசையைத் தடவிக்கிட்டே, "ஜெயித்துவிடுவீர்கள் போலிருக்கிறது, மன்னா. நடந்ததை மட்டும் சொல்லிவிடுங்கள்"ன்னார்.

ராஜா கம்பீரமா ஆரம்பிச்சார். "யாம் சுங்கச்சாவடிக்குச் சென்றோம். ஒரு மூட்டையைச் சுமந்தோம். மறுபடியும் சுமந்தோம்." குரல் லேசா ஏறிச்சு. "பிறகு அந்த அம்மையார்... கத்தரிக்காய் இல்லையாம், அப்புறம் எதற்கு என்னைக் கேட்பானேன்? அதை விடு. கூத்துக்குப் போனேன். முன்னால் ஒரு தலைப்பாகை. தலைப்பாகையாய்யா அது? கூரை! பக்கத்தில் ஒருத்தன் தொணதொணன்னு... வெளியே வந்தா செருப்பைக் காணோம்! ச்சே! மனுஷன் போவானா அந்தக் கூத்துக்கு?"

சொல்லி முடிச்சதும் ராஜாவுக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி அவ்வளவு சுகம். அப்புறம்தான் நாவிதர் கையில இருந்த கத்தி கண்ணுல பட்டுச்சு. ரெண்டு கையாலயும் மீசையைப் பொத்திக்கிட்டார்.

"மன்னருக்கு இது பொருந்தாது!"ன்னு விருத்தகிரி கத்தினார்.

"விலக்கில்லை என்று சேர்த்தவர் தாங்கள்தானே?"ன்னார் மந்திரி. அப்புறம் நாவிதர் பக்கம் திரும்பி, "ஆனால் ஒன்று. அரண்மனை வழக்கத்தை மீறாதீர்கள். மன்னர் மேனிக்கு முன்னால் யார் மேனி?"

நாவிதர் நேரா விருத்தகிரிகிட்ட போனார். சரக், சரக். பாதி மீசை மடியில விழுந்துச்சு.

ராஜா அந்த முகத்தைப் பார்த்தார். தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். "எடுங்கய்யா அந்தச் சட்டத்தை! இனி யார் வேண்டுமானாலும் வாய்விட்டுச் சலித்துக்கொள்ளலாம். மந்திரியாரே, முத்திரை உமக்கே. வேறென்ன வேண்டும்?"

"அந்த வலது செருப்பு மட்டும், மன்னா. புதுசு."

சேனையே கிளம்பிடுச்சு செருப்பைத் தேட. ஆரவாரமெல்லாம் அடங்கினப்புறம், ஒரு தூண் ஓரமா விருத்தகிரி மழமழன்னு இருந்த பாதி உதட்டைத் தடவிக்கிட்டு முணுமுணுத்தார்.

"ச்சே!"

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்து அவர் பக்கத்துலயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னய்யா ஆச்சு? சொல்லு, கேக்கறேன்."