பச்சைப் புள்ளி

பால்வண்ணனின் குருவுக்குத் தாடியும் கிடையாது, உட்கார மரத்தடியும் கிடையாது. பெயர் ஹெப்சிபா. கேஸ் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கும் குழுவுக்குத் தலைவி. சீடரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவரை "அண்ணாச்சி" என்பாள். அவர் அவளை "மேடம்" என்பார். வருஷக்கணக்காகக் குழி வெட்டி முதுகு போன பிறகு அவரை லேசர் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வேலையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

தெருவில் நின்றபடி, டார்ச் மாதிரி இருக்கும் கருவியை வீட்டுப் பக்கம் நீட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒளி ஜன்னல் வழியே உள்ளே போய், சுவரில் பட்டுத் திரும்பி வரும். வழியில் கேஸ் இருந்தால் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்பதைக் கருவி எண்ணாகக் காட்டும். அதைப் பார்த்து ஊர் வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். நல்ல இடத்துக்குப் பச்சை, கசிகிற இடத்துக்குச் சிவப்பு. சிவப்பு வைத்துவிட்டால் குழாயை அடைத்ததோடு வேலை முடியாது. மண்ணில் தேங்கிய கேஸ் போகிறவரை தினமும் போய்ப் பார்க்க வேண்டும்.

உப்பளத் தெருவின் கடைசி வீட்டுக்குப் பால்வண்ணன் பச்சை வைத்தார்.

மறுநாள் காலை அந்த வீட்டில் ஞானதீபம் என்கிற பெண் அடுப்பைப் பற்றவைத்தாள். ராத்திரி முழுக்கச் சமையலறையில் கேஸ் சேர்ந்திருந்தது. அவளுக்கு ஜலதோஷம், வாடை தெரியவில்லை. புருஷன் சவரிமுத்து பால் வாங்கப் போயிருந்தான். அவன் திரும்பி வந்தபோது தெருவில் கூட்டம் நின்றது.

விசாரணை நடந்தது. கருவி ஜீரோ காட்டியிருக்கிறது, ஆகவே ஊழியர் மேல் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். பால்வண்ணனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் ஹெப்சிபாவின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், நான் கொலகாரனா, இல்லியா? நீங்க சொல்லுங்க."

அவள் கருவியை எடுத்துக்கொண்டு அவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள்.

"எதிர்த்த சுவத்துல அடிங்க."

"முப்பத்தஞ்சு காட்டுது."

"அங்க கசியுதா?"

"இல்ல மேடம். நல்ல காத்துலயும் கொஞ்சம் இருக்கத்தான செய்யும். சாக்கடை, மாடு, வயலு, எல்லாத்துலருந்தும் வரும்னு நீங்கதான சொன்னீங்க."

"இப்ப வானத்தப் பாத்து அடிங்க."

அண்ணாந்து பிடித்தார். "ஜீரோ."

"அப்ப இந்தச் சுவரவிட வானம் சுத்தமா?"

பால்வண்ணன் கருவியை மெல்லக் கீழே இறக்கினார்.

"போன வெளிச்சம் திரும்பி வரல மேடம்."

"வரலேன்னா?"

"கிட்டப் போவணும். இல்ல, வேற பக்கம் போயி நிக்கணும். பதில் வார வரைக்கும் புள்ளி வைக்கக் கூடாது."

அன்றைக்கு நடந்ததெல்லாம் அவருக்கு நினைவு வந்தது. ஞானதீபம் வெயிலுக்காக ஜன்னலில் பளபளப்பான தாள் ஒட்டியிருந்தாள். ஒளி அதில் சறுக்கி எங்கேயோ போய்விட்டது. கொல்லைப்புறம் போயிருந்தால் திறந்திருந்த சமையலறைக் கதவு வழியே அடித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் வெயில், முதுகு வலி. புள்ளி வைக்காமல் விட்டால் வரைபடத்தில் ஓட்டை விழும், அதிகாரி முகம் சுளிப்பார். வைத்தார் பச்சையை. சாயங்காலம் தெரு முழுக்கப் பச்சையாக இருந்ததைப் பார்த்து அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தபோதுதான் அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் அழுது முடிக்கும்வரை ஹெப்சிபா காத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரப் போய்ப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"என்ன மூஞ்சியோட போவேன் மேடம்?"

"இருக்கிற மூஞ்சியோடதான்."

போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"பாத்துட்டேன் மேடம். செருப்பால அடிப்பாருன்னு நெனச்சேன். வாசல்ல நின்னு கும்புட்டேன். தலைய ஆட்டுனாரு. ஒரு வார்த்த பேசல. அமைதியாத்தான் இருக்காரு."

"கூட ஆரு இருக்கா?"

"ஆருமில்ல. அடக்கத்துக்கு வந்தவங்க போயிட்டாங்க. ஆனா வீட்ட நல்லா கூட்டி ஒதுங்க வச்சிருக்காரு மேடம். துணிமணியெல்லாம் மூட்ட கட்டி வாசல்ல இருக்கு, கோயிலுக்குக் குடுக்கவாம். கூண்டுல கெடந்த லவ் பேர்ட்ஸையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டாராம், அந்த வீட்டம்மா சொன்னாங்க. மனசத் தேத்திக்கிட்டாரு."

ஹெப்சிபா செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க நின்னு பாத்தீங்க?"

"தெருவுலதான். வாசல்ல."

"எவ்வளவு காட்டிச்சு?"

"கருவியக் கொண்டு போவலியே மேடம்."

"ஒரு வார்த்த பேசலேன்னு சொன்னீங்கள்லா. எவ்வளவு காட்டிச்சு அண்ணாச்சி?"

அவர் உதடு மட்டும் அசைந்தது. "ஜீரோ."

"என்ன புள்ளி வச்சீங்க?"

பால்வண்ணன் ஓடினார். முதுகு வலிக்கிற மனுஷன் என்று அவரைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார், கூப்பிட்டார். சத்தமே இல்லை. இந்தத் தடவை அவர் கொல்லைப்புறம் போனார். கரி பிடித்த சமையலறை வழியாக, இடிந்து கிடந்த செங்கல்லைத் தாண்டி உள்ளே நுழைந்தார்.

சவரிமுத்து தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் மனைவியின் சேலை. பக்கத்தில் ஒரு பூச்சிமருந்து பாட்டில், இன்னும் மூடி திறக்காமல். பால்வண்ணன் அதை எடுத்து ஜன்னல் வழியே வீசிவிட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க அவன் எதிரே உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஆகியும் அவர் எழுந்து போகவில்லை.

கடைசியில் சவரிமுத்துதான் கேட்டான். "அன்னைக்கி எங்க ஜன்னலப் பாத்தது நீங்கதானா?"

"நான்தான் தம்பி. பதில் வரல. பின்னால வந்து பாத்திருக்கணும். நான் வரல."

சவரிமுத்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினான்.

"பின்னாலதான நின்னா! துணி தொவச்சுக்கிட்டு நின்னா! வந்திருந்தா ஒங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்திருப்பாளே!"

பட்டன்கள் தெறித்தன. உலுக்கின கை மெல்ல ஓய்ந்தது, ஆனால் சட்டையை விடவில்லை. அப்படியே அவர் தோளில் விழுந்து அவன் கதறினான். தெருவே கேட்கும்படி கதறினான். பால்வண்ணன் சட்டையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

பால்வண்ணன் ஆள் அனுப்ப, ராத்திரியே சவரிமுத்துவின் அக்கா வந்து கூட இருந்தாள்.

மறுநாள் காலை, பட்டன் இல்லாத அதே சட்டையோடு பால்வண்ணன் ஹெப்சிபாவின் முன்னால் நின்றார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல மேடம்."

ஹெப்சிபா வரைபடத்தை விரித்து, உப்பளத் தெருவின் கடைசியில் விரலை வைத்தாள்.

"இந்த வீட்டுக்கு இப்ப என்ன புள்ளி?"

"சிவப்பு."

"சிவப்பு வச்சா?"

"தெனமும் போய்ப் பாக்கணும்."

"வெயில் ஏறுது," என்றாள் ஹெப்சிபா. "கெளம்புங்க அண்ணாச்சி."