விலா எலும்பில் ஒரு கோடு

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி இல்லை, ஆசிரமமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு டிவியில் வருவார். பெயர் மங்கையற்கரசி. மண்ணுக்குள் கல்லாகிப் போன பழைய உயிர்களை ஆராய்கிற விஞ்ஞானி. வயது நாற்பத்தாறு.

சீடருக்கு வயது அறுபது. பெயர் சவரிமுத்து. சினிமா செட்டுகளுக்குப் பிளாஸ்டரில் தூணும் சிலையும் செய்துகொண்டிருந்தவர். எலும்புகளை அடுக்க ஒரு மேடை செய்து தருவதற்காக டிவி நிலையத்துக்கு வந்தார். வந்தவர் போகவில்லை. "இது காலுன்னு எப்படித் தெரியும்? இதுக்கு ஏழு கோடி வயசுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டுக் கேட்டே ஆறு வருடத்தை ஓட்டிவிட்டார்.

சீடர் குருவை டீச்சர் என்பார். குரு சீடரை அண்ணே என்பார். இருவருக்கும் அதில் குறையில்லை.

அந்த வாரம் நேரடி ஒளிபரப்பு. அரியலூர்ப் பக்கம் ஓர் ஓடையில் கிடைத்த டைனோசரை முதல் தடவையாகக் காட்டப் போகிறார்கள். கிடைத்தது பாதி எலும்புதான். மீதியைச் சவரிமுத்து பிளாஸ்டரில் செய்து சேர்த்திருந்தார்.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. செய்து சேர்த்த எலும்பை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். பூமி கொடுத்தது எது, நாம் கொடுத்தது எது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

சனிக்கிழமை நிகழ்ச்சிப் பொறுப்பாளர் தயாபரன் வந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது, தேமல் புடிச்ச மாதிரி இருக்கு? காமிராவுல அசிங்கமாத் தெரியும். எல்லாத்தையும் ஒரே கலரா ஆக்குங்க."

"டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க சார்."

"அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் சொல்லவில்லை. சவரிமுத்துவும் சொல்லவில்லை. சாயம் பூசி முடித்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தபோது, எது அசல் எது பிளாஸ்டர் என்று அவருக்கே பிடிபடவில்லை. நாற்பது வருடத் தொழில்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மனுஷன் பூரித்துப் போய்விட்டார். பூரிப்பில் வாய் அடைத்துக்கொண்டது.

ஞாயிறு காலை. ஸ்டுடியோவில் நூறு பள்ளிப் பிள்ளைகள். டீச்சர் பேசப் பேச ஒரு பிள்ளைகூட அசையவில்லை. பேச்சின் நடுவே அவர் குனிந்து ஒரு விலா எலும்பை எடுத்து, காமிராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தக் கோட்டைப் பாருங்க."

ஓரமாக நின்ற சவரிமுத்து ஓரடி முன்னால் வந்தார். அது அவருடைய கத்தி வழுக்கிய இடம்.

"ஏதோ ஒண்ணு இதைக் கடிச்சிருக்கு," என்றார் டீச்சர். "ஆனா கோட்டோட ஓரத்தைப் பாருங்க. மழுங்கிப் போயிருக்கு. அப்படின்னா புண்ணு ஆறியிருக்கு. கடி வாங்கியும் இது சாகலை. தப்பிச்சு ஓடியிருக்கு. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா வாழ்ந்திருக்கு!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். தொலைபேசி மணி அடித்தது. முசிறியிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"அம்மா, என் மகன் லாரியில அடிபட்டு நாலு மாசமாப் படுத்த படுக்கையா இருக்கான். யார்கிட்டயும் பேச மாட்டான். இப்ப நீங்க சொன்னதைக் கேட்டுட்டு, 'அதுவே எந்திரிச்சிருச்சு பாரும்மா'ன்னு சொல்றான்மா..." மேலே பேச முடியாமல் அழுதார்.

டீச்சருக்கும் கண் நிறைந்துவிட்டது. எலும்பைக் கீழே வைக்காமலே, "தம்பிகிட்ட சொல்லுங்கம்மா," என்று ஆரம்பித்தார்.

"டீச்சர்! அது எலும்பு இல்ல!"

ஸ்டுடியோவே திரும்பிப் பார்த்தது. சவரிமுத்து காமிராவுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

"பிளாஸ்டர் டீச்சர். நான் செஞ்சது. அந்தக் கோடு என் கத்தி பட்டது."

டீச்சர் அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் தூள் மேஜையில் உதிர்ந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு நிமிர்ந்து சொன்னார். "நான் இப்ப சொன்னது அத்தனையும் தப்பு. முசிறி அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

அதற்குள் வீடுகளில் பல்பொடி விளம்பரம் ஓடத் தொடங்கிவிட்டது.

மேக்கப் அறையில் டீச்சர் முதலில் செய்த காரியம், அந்த எண்ணை வாங்கி முசிறிக்குப் போன் போட்டதுதான். பையனே எடுத்தான். நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"அப்போ அது பொழைக்கலையா?" என்று கேட்டான்.

"தெரியாதுப்பா. அதை எதாவது கடிச்சுதான்னே தெரியாது."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

தயாபரன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாயம் பூசச் சொன்னதை அவர் சுத்தமாக மறந்திருந்தார். பெரிய நாற்காலியில் இருப்பவர்களுக்கு அந்த வரம் உண்டு.

"மானம் போச்சு மேடம். மேலிடத்துல கொதிச்சுப் போயிருக்காங்க. ஒரே வழிதான் இருக்கு. அடுத்த வாரம் நீங்க வந்து, இது உதவியாளர் செஞ்ச மோசடி, இன்னார் பேரு, அவரை நீக்கியாச்சுன்னு சொல்லிடுங்க. நிகழ்ச்சி தப்பிச்சிடும். இல்லேன்னா இன்னையோட மூடிடுவோம்."

"பத்து நிமிஷம் கொடுங்க," என்றார் டீச்சர்.

தயாபரன் வெளியே போனதும் சவரிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பேரையே சொல்லிடுங்க டீச்சர். நான் செஞ்சதுதானே? சொல்லாம விட்டது நான்தானே? பதினோரு மணியானா எத்தனை ஊர்ல எத்தனை பிள்ளைங்க டிவி முன்னாடி உக்காருது. அது என்னால நின்னு போச்சுன்னா எனக்குச் சோறு இறங்காது. நான் எங்கயாவது பொம்மை செஞ்சு பொழைச்சுக்குவேன்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த விலா எலும்பு அவர் மடியில் கிடந்தது.

"அண்ணே, இது என்ன கனம் இருக்கும்?"

"இதுவா? முக்கால் கிலோகூட வராது."

"அசல் எலும்பு?"

"அது கல்லாச்சே டீச்சர். இதே அளவுன்னா ரெண்டு கிலோவுக்குக் குறையாது. சின்னப் பிள்ளை தூக்கினாலும் வித்தியாசம் தெரியும்."

"நான் இருபத்திரண்டு வருஷமாத் தூக்குறேன்."

சவரிமுத்து தலையை நிமிர்த்தினார்.

"சாயம் சுத்திப் பூசினீங்களா?"

"இல்ல டீச்சர். நேரம் பத்தலை. காமிராவுக்குத் தெரியிற பக்கம் மட்டும்தான் பூசினேன்."

டீச்சர் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றார். ஸ்டுடியோவில் தூக்கிப் பிடித்தது போலவே அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இப்படித்தானே பிடிச்சிருந்தேன்?"

"ஆமா டீச்சர்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம் இருக்கும்."

"இங்க வந்து நின்னு பாருங்க."

சவரிமுத்து எழுந்து போய் அவருக்குப் பின்னால் நின்றார். கண்ணாடியில் தெரிந்த எலும்பு பழுப்பாக இருந்தது. கோடு அழகாகத் தெரிந்தது. டீச்சரின் முகத்துக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில் இருந்த பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளையாக இருந்தது.

"ஐயோ," என்றார் சவரிமுத்து.

கதவு திறந்தது. தயாபரன் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"பத்து நிமிஷம் ஆச்சு மேடம். யார் பேரை எழுதட்டும்?"

டீச்சர் அவர் பக்கம் திரும்பவில்லை. கையைக் கீழே இறக்கவும் இல்லை.

"நீங்க அந்தப் பக்கத்தை மட்டும்தான் மறைச்சீங்க அண்ணே," என்றார். "இந்தப் பக்கம் நாலு நிமிஷமா என் மூஞ்சிக்கு நேரா இருந்திருக்கு. நான் காமிராவைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."